நங்கூரத்தின் கையுறை

அன்று பார்சல் கிடங்கில் ஒரு பெட்டிகூட ஒழுங்காக நகரவில்லை. தெற்கே போக வேண்டியது வடக்கே போகும் வண்டியில் ஏறியது. ‘கண்ணாடி, கவனம்’ என்று எழுதிய பெட்டியின் மேல் இரும்புச் சாமான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கேட்பாரில்லை. சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டியின் இறுதிச் சுற்று. கிடங்குப் பிரிவு இறுதிச் சுற்றுவரை வந்தது அதுதான் முதல் தடவை. எதிரே நிற்கப்போவது ஓட்டுநர் பிரிவு. வருஷா வருஷம் கோப்பையை ஜெயித்துக்கொண்டு போய், ஓய்வறையில் அதில் சிகரெட் சாம்பல் தட்டுகிறவர்கள். அந்தக் கோப்பையை ஒரு நாளாவது கழுவி வைக்க வேண்டும் என்பதுதான் கிடங்குக்காரர்களின் வாழ்நாள் லட்சியம்.

எல்லோரையும்விட அந்த லட்சியம் அண்ணிக்குத்தான் அதிகம். அவள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள். அவளுடைய கொழுந்தன் அதே கிடங்கில் சுமை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்த அன்று, பழக்க தோஷத்தில் எல்லோர் முன்னாலும் “அண்ணி” என்று கூப்பிட்டுவிட்டான். மறுநாளிலிருந்து மொத்தக் கிடங்குக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த மீசைக்காரர்கூட வெட்கமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்.

கயிறு பிடிப்பது எட்டு ஆண்கள். ஆனால் அவர்களை இழுக்க வைப்பது அண்ணியின் குரல். பக்கவாட்டில் நின்று, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, எப்போது மூச்சு விடலாம், எப்போது விடக்கூடாது என்பதுவரை அவள்தான் சொல்வாள். அவளுடைய முதல் சட்டம், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவன் திரும்பினால் அவன் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் குதிகால் நழுவும், ஒரு குதிகால் நழுவினால் எட்டுப் பேரும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். பயிற்சியில் யாராவது லேசாகக் கழுத்தைத் திருப்பினாலே அவள் விடுகிற வசவில் அவனுடைய முன்னோர்களுக்கும் விக்கல் எடுக்கும்.

கடைசியில் நிற்கிறவன்தான் அவளுடைய கொழுந்தன். கயிற்றின் முனையை அக்குளுக்கடியில் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் புதைத்த கம்பம்போல் நிற்பான். அதனால் அவனுக்கு நங்கூரம் என்று பெயர். அவன் முகத்தை முன்னால் நிற்கிற ஏழு பேரும் போட்டியில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம். முன்னால் பக்கவாட்டில் நிற்கிற அண்ணிக்கே கூட ஏழு தலைகளுக்குப் பின்னால் அவன் நெற்றி மட்டும்தான் தெரியும்.

அந்த நெற்றி கொஞ்ச காலமாகச் சரியில்லை. அண்ணியின் வீட்டு மாடி அறையில்தான் அவன் இருந்தான். சாப்பாட்டைக் கொறித்தான், தூக்கமில்லாமல் கண் வீங்கி வந்தான், விடுமுறை நாளில் கதவே திறக்கவில்லை. கேட்டால் “அசதி அண்ணி” என்பான். இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. “லவ்வு தோத்திருக்கும்” என்றார்கள் கிடங்கில். அண்ணியின் கணவன் தூரத்தில் பாலம் கட்டும் வேலையில் இருந்தான். “அவன் கல்லு மாதிரி, தானா சரியாயிடுவான்” என்று ஃபோனில் சொல்லிவிட்டான். கல்லை யாரும் நலம் விசாரிப்பதில்லை.

ஆனால் அன்று நங்கூரம் சிரித்துக்கொண்டே வந்தான். முகச்சவரம் செய்து, சட்டை தேய்த்துப் போட்டு, வாசல் காவலாளியின் தோளில் கை போட்டு நலம் விசாரித்துவிட்டு உள்ளே வந்தான். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பக்கம் இறுதிப் போட்டி, இன்னொரு பக்கம் பையன் தெளிந்துவிட்டான். எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தாள். ஃபோர்க்லிஃப்டின் ஹாரனைக் காரணமில்லாமல் இரண்டு தடவை அடித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பொருள் மாற்றிக்கொள்ளும் படலம் ஆரம்பித்தது. அது அந்த அணியின் சொந்தக் கிறுக்குத்தனம். முன்பொரு முறை ரேடியோவும் குட்டையனும் அவசரத்தில் கையுறைகளை மாற்றிப் போட்டுக்கொண்டு இழுத்து, தோற்க வேண்டிய ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஆளுக்கொரு பொருளை இன்னொருவனிடம் கொடுத்து, பதிலுக்கு அவனுடையதை வாங்கிக்கொள்வார்கள். போட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திருப்பித் தராதவன் அடுத்த ஆட்டத்தில் வழுக்கி விழுவான் என்பது ரேடியோவின் ஆராய்ச்சி முடிவு. ரேடியோ என்பவன் முன்வரிசைக்காரன். தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் மனைவியே சாட்சி சொல்லியிருக்கிறாள். குட்டையன் ஆறடிக்கு மேல் உயரம், அதனால் அந்தப் பெயர்.

“அண்ணி, இத பாருங்க.” ரேடியோ இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஓடி வந்தான். கைகளில் நங்கூரத்தின் தோல் கையுறைகள். யாரையும் தொடக்கூட விடாமல், வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த சொத்து அது. “எனக்கே குடுத்துட்டான். இனிமே கப்பு நமக்குத்தான், எழுதி வெச்சுக்கங்க.”

“அவன் எப்படி இழுப்பானாம்?”

“வெறுங்கையே போதுங்கறான். இன்னிக்கு அவன் மூடே வேற.”

குட்டையன் மணிக்கட்டைக் காட்டினான். நங்கூரத்தின் கைக்கடிகாரம். மீசைக்காரர் அவனுடைய வெந்நீர்க் குடுவையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு ஒன்று. அணியே துள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் கப்பலுக்கே சீர் வரிசை வைத்துவிட்டது என்று ஒருவன் சொல்ல, கிடங்கு கூரை அதிரச் சிரித்தார்கள். அண்ணியும்தான் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே வண்டியை நிறுத்தியவளிடம் நங்கூரம் வந்தான். அவள் உள்ளங்கையில் மாடி அறைச் சாவியை வைத்தான்.

“இது உங்களுக்கு அண்ணி.”

“எனக்கெதுக்குடா? சரி, பதிலுக்கு என்ன வேணும்? என் தொப்பியத் தரட்டா?”

“ஒண்ணும் வேணாம். நீங்களே வெச்சுக்குங்க.” சொல்லிவிட்டு அவள் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனான். கொழுந்தன் அண்ணியின் தோளைத் தட்டுகிறவன் இல்லை.

சாவி கையில் இருந்தது. ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. அவள் மறுபடியும் ஆட்களிடம் போனாள்.

“டேய் குட்டையா, வாட்ச் குடுத்தானே, நீ என்ன குடுத்த?”

“வாங்க மாட்டேன்னுட்டான் அண்ணி.”

“நீ?”

“என் பெல்ட்ட நீட்டினேன், வேணாம்னுட்டான்” என்றான் ரேடியோ. “திருப்பித் தர வேணாம், நீயே வெச்சுக்கன்னான். தங்கமான மனசு.”

மீசைக்காரரும் அதையே சொன்னார். ஒருவர்கூட அவனுக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. ஒருவரிடமும் அவன் எதையும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

போன வருஷம் கம்பெனிக்கு ஒரு நர்ஸ் வந்து பேசிவிட்டுப் போனாள். மனச்சோர்வைப் பற்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்களைப் பற்றி. கிடங்குக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் பாதிக் காதில்தான் கேட்டாள். அந்தப் பாதிக் காது இப்போது முழுசாகத் திறந்துகொண்டது. ஆசையாக வைத்திருந்த பொருள்களை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் கவனியுங்கள். வெகு நாளாகச் சோர்ந்திருந்தவர் திடீரென்று லேசாகிவிட்டால் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்காமல் விட்டால்தான் ஆபத்து.

நேராகக் கேள் என்று சொல்வது சுலபம். அவள் வாழ்க்கையில் யாரிடம் எதை நேராகக் கேட்கத் தயங்கியிருக்கிறாள்? மேனேஜரிடம் சம்பள உயர்வை மேசையைத் தட்டிக் கேட்டவள். ஆனால் இது சம்பள உயர்வு இல்லை. தப்பாகப் போனால்? சும்மா இருந்தவனைச் சீண்டிய மாதிரி ஆகிவிட்டால்? சிரித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டால்? சிரித்தால் சிரிக்கட்டும் என்று முடிவு செய்தாள். அசட்டுப் பட்டம் வாங்கி யாரும் செத்ததில்லை.

அலமாரிகளின் கடைசி வரிசையில், காலி மரப்பலகைகள் அடுக்கிய மூலையில், அவன் தனியாக உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தம்பி, ஒண்ணு கேப்பேன். நேராக் கேப்பேன், நேரா பதில் சொல்லணும்.”

“கேளுங்க அண்ணி. குதிகால எங்க ஊனறதுன்னா?”

“நீ செத்துப் போயிடணும்னு நினைச்சிட்டிருக்கியா?”

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு பசை காய்ந்த லேபிள் மாதிரி ஒரு ஓரத்திலிருந்து உரிந்து வந்தது. வெளியே முற்றத்தில் யாரோ மேளம்போல் தகரப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் காலணிக் கயிற்றை விட்டுவிட்டான்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றான்.

இல்லை என்பான், திட்டுவான், எழுந்து போவான் என்றெல்லாம் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக இல்லை. அவன் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

“சொல்லுடா. நான் எங்கயும் போகல.”

பேச்சு வந்தது. வந்தபின் நிற்கவில்லை. “படுத்தா நெஞ்சு மேல யாரோ லோடு ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு அண்ணி. விடிஞ்சா எறக்கி வைக்க ஆளு வரும்னு பாப்பேன். யாரும் வர்றதில்ல. மறுநாளு அது மேலயே இன்னொரு லோடு. என்ன காரணம்னு கேட்டா எனக்கே தெரியல. ஒண்ணும் நடக்கல. ஒண்ணுமே பிடிக்கல, அவ்வளவுதான். இன்னிக்கு இவங்களுக்கு ஜெயிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணேன். முடிவு பண்ணதும் லேசா ஆயிடுச்சு. அதான் சிரிப்பு வந்துது.”

‘உனக்கு என்னடா குறைச்சல்’ என்பது அண்ணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல வேளை, கடித்துக்கொண்டாள். குறையைப் பட்டியல் போட்டுக் காட்ட முடிந்தால் அவன் எப்போதோ காட்டியிருப்பான்.

“இவ்வளவு நாளும் தனியாவா இழுத்துட்டிருந்த?” என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் அவன் அழுதான். கம்பம் மாதிரி நிற்கிறவன் தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, ஆறுதல் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சொன்னாள். “எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“போட்டி?”

“கெடக்குது போட்டி.”

“இந்த ஒண்ணு மட்டும் இழுத்துட்டு வரேன் அண்ணி. நான் இல்லாட்டி தோத்துடுவாங்க. நீங்க எத்தன வருஷமா அந்தக் கப்புக்காக…”

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. அரை மணி நேரம்தானே, பக்கத்திலேயே நிற்கலாம், முடிந்ததும் நேராக அழைத்துப் போகலாம். ஓட்டுநர்கள் மண்ணில் உருளுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அவன் தனக்குப் போட்டுக்கொண்ட கெடுவே அந்தப் போட்டிதான் என்பது உடனே அவளுக்கு உறைத்தது.

“போட்டி முடிஞ்சா உன் வேலை முடிஞ்சுதுன்னு நீ நினைச்சுப்ப” என்றாள். “அதனால நீ இன்னிக்குக் கயிறே தொடக் கூடாது. முடியாமலே கெடக்கட்டும்.”

அவன் காலணிக் கயிற்றைக் கட்டி முடித்தான். எழுந்தான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வருகை பதியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உதவி எண் போட்ட ஒரு சுவரொட்டி உண்டு. அதிலிருந்த பெண்ணுக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். தினமும் கடந்துபோகிற அந்த எண்ணை அண்ணி அன்றுதான் அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண். அவசரமில்லாத குரல். அவனிடம் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு அண்ணியிடம், நேராகக் கேட்டது நல்லது என்றும், அவரைத் தனியாக விடாமல் இப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகும்படியும் சொன்னாள். நல்லது என்று ஒருத்தி சொன்னதும் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பசங்ககிட்ட சொல்லலாமா?” என்று நங்கூரத்தைக் கேட்டாள்.

அவன் யோசித்தான். “சொல்லுங்க. பொய் சொல்ற தெம்பு இல்ல.”

முற்றத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஏழு பேரும் கயிற்றைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களை ஓரமாக ஓட்டிக்கொண்டு போய், சுற்றி வளைக்காமல் நாலே வாக்கியத்தில் சொன்னாள். ஏழு பேருக்கும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“உனக்கென்னப்பா குறை, நல்ல உடம்பு, நல்ல வே…” என்று மீசைக்காரர் ஆரம்பித்தார். குட்டையன் அவர் காலை ஓங்கி மிதித்தான். வலியில் வாக்கியம் அங்கேயே முடிந்தது.

ரேடியோ பேசவில்லை. அந்த வானொலி நின்றுபோனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. கையுறைகளைக் கழற்றப் போனவன், பாதியில் நிறுத்தி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

“போட்டி முடிஞ்சப்புறம்தான் திருப்பிக் குடுக்கறது வழக்கம்” என்றான். “முடிஞ்சதும் கொண்டாருவேன். நீ வாங்கிக்கணும்.”

“பாக்கலாம்டா.”

“பாக்கலாமெல்லாம் இல்ல. வாங்கிக்கணும்.”

அப்போதுதான் ஓட்டுநர் அணியின் தலைவர் தொப்பையைத் தடவிக்கொண்டு வந்தார். “என்ன தங்கச்சி, மூலையில மாநாடு? பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, கயித்துக்காவது வேல மிச்சம்” என்றார். யாரும் பதிலுக்குப் பாயவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நங்கூரத்தின் முகத்தில் வந்து நின்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகணும்ணே. மனசு சரியில்ல. அவசரம்” என்றாள் அண்ணி.

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். “என் வேன் கேட்டுலதான் நிக்குது, வாங்க.”

“அண்ணே, உங்க ஆட்டம்?”

“உங்க நங்கூரம் இல்ல, எங்க கேப்டன் இல்ல. சரிக்குச் சரி.”

கூட்டம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மூன்று பேரும் வேனின் முன்சீட்டில் ஏறினார்கள். நங்கூரத்தை நடுவில் உட்கார வைத்தார்கள். முற்றத்திலிருந்து குட்டையனின் குரல் துரத்தி வந்தது. எட்டாவது ஆள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பளபளக்கும் காலணியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரை நாலு பேர் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போவதை அண்ணி கண்ணாடியில் பார்த்தாள்.

தலைவர் ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, அதுதான் அன்றைய நிஜமான பந்தயம். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தச் சிக்னலைத் தாண்டலாம் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேனின் பின்னால் பெட்டிகள் உருண்டன. “உள்ள என்ன இருக்குண்ணே?” என்று அண்ணி கேட்டாள். “பீங்கான் தட்டு” என்றார், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல். நங்கூரத்தின் வாயோரம் லேசாக அசைந்தது.

ஒரு திருப்பத்தில் வேகம் குறைந்தபோது தலைவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “என் கூடப் பொறந்தவளுக்கு இப்படித்தான் இருந்துச்சு தம்பி. நாங்க யாரும் கேக்கல. உங்க அண்ணி கேட்டிருக்காங்க.” மருத்துவமனை வரை அண்ணி கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சரி தவறெல்லாம் பார்க்கிற நேரமா அது.

அவசரப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த சூட்டில் தலைவரின் ஃபோன் அடித்தது. ரேடியோ. நின்ற வானொலி பழுது பார்க்கப்பட்டுவிட்டது. “ஸ்பீக்கர்ல போடுங்க தலைவரே, அவன் கேக்கணும்” என்று கத்தினான். தன் மனைவி கையில் ஃபோனைக் கொடுத்து, பின்னால் நடப்பதை அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல, கயிற்றைப் பிடித்துக்கொண்டே வர்ணனை செய்கிறானாம்.

“சூப்பர்வைசர் சார் கடைசியில நிக்கிறாரு. ஷூ வழுக்குது. சார், தரையப் பாருங்க, ஃபோனப் பாக்காதீங்க. இதோ இழுக்கறோம்… ஐயோ போச்சு. போச்சு. சாரு படுத்தே வராரு.”

முதல் இழுப்பில் தோல்வி. தலைவர் தம் அணி ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் மோவாயைச் சொறிந்தார். நர்ஸ் வந்து வாயில் விரலை வைத்து எச்சரித்தாள். தலைவர் சத்தத்தைக் குறைத்தார்.

இரண்டாவது இழுப்பு. “சாரு ஷூவக் கழட்டிட்டாரு, வெறுங்காலோட நிக்கிறாரு. மீசை மூச்சு விட மறந்துட்டாரு. வருது, வருது, கயிறு வருது. டேய், நம்ம பக்கம் வருதுடா.” ஃபோனுக்குள் ஒரு கடல் இரைந்தது. ஒன்றுக்கு ஒன்று. அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள். எச்சரிக்க வந்த நர்ஸ் போகாமல் நின்று கேட்டாள். “இன்னும் ஒண்ணு இருக்கா?” என்றாள் மெதுவாக. நங்கூரம் தரையைப் பார்த்தபடி இருந்தான். ஆனால் அவனுடைய வலது குதிகால், தன் பாட்டில், தரையை ஊன்றிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள்.

மூன்றாவது இழுப்பு ஆரம்பித்த அந்த நொடியில் உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

தலைவர் ஃபோனை மார்போடு பொத்திக்கொண்டார். அண்ணியும் நங்கூரமும் உள்ளே போனார்கள். டாக்டர் இளம் பெண், காதில் பேனா செருகியிருந்தாள். அண்ணி கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டாள், இன்னும் மென்மையாக, இன்னும் பொறுமையாக. அவனும் மறைக்காமல் சொன்னான். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் அவ்வளவு நடுங்கவில்லை. இது ஒரு நோய், சோம்பலோ கோழைத்தனமோ இல்லை, சிகிச்சை இருக்கிறது, கொஞ்ச காலம் பிடிக்கும் என்றாள் டாக்டர். சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவன் தலையசைத்தான்.

அண்ணி வெளியே வந்து, கணவனுக்கு ஃபோன் போட்டு, “உன் கல்லு அழுதுச்சு, கிளம்பி வா” என்று சொல்லி வைத்த பிறகுதான் தலைவர் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவே மறந்திருந்தாள். அத்தனை வருஷ வெறி, சுவடில்லாமல் எங்கேயோ போயிருந்தது.

“நாங்கதான் தங்கச்சி” என்றார் அவர், தப்பு செய்தவரைப் போல. “ஆனா மயிரிழை.”

கோப்பை பழையபடி சாம்பல் கிண்ணமாகப் போயிருக்க வேண்டியது. போகவில்லை. ஓட்டுநர்கள் அதைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டார்கள். அன்று பொழுது சாய்கிற நேரத்தில், தலைமுதல் கால்வரை மண் அப்பிய ஏழு பேரும், வெறுங்கால் சூப்பர்வைசரும், மருத்துவமனை வாசலில் காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குத்தான் அனுமதி என்றதும் ரேடியோ உள்ளே வந்தான். வலது கையுறையை மட்டும் கழற்றி நங்கூரத்தின் முன் நீட்டினான்.

நங்கூரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கை நீளவில்லை. ரேடியோவும் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் நங்கூரம் வாங்கிக்கொண்டான்.

“இன்னொண்ணு எங்கடா?”

“அது கடைசில. நாளைக்குக் குட்டையன் வாட்ச் கொண்டு வருவான். அதுக்கடுத்து மீசை. ஒரே நாள்ல எல்லாத்தையும் குடுத்துட்டா அப்புறம் எந்த சாக்க வெச்சுடா உன்ன வந்து பாக்கறது?”

சொன்னபடியே வந்தார்கள். குடுவையைக் கொண்டு வந்த மீசைக்காரர் இந்த முறை அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தானும் குடித்து, அவனுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அது பெரிய சாதனை.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் ஒரே நாளில் நேராகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. மாத்திரை ஆரம்பத்தில் தூக்கத்தில் தள்ளியது. வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது. போக மாட்டேன் என்று அடம்பிடித்த வாரமும் உண்டு. அண்ணன் வந்து, தம்பியின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, என்ன பேசுவதென்று தெரியாமல் பாலம் கட்டுவது எப்படி என்று விளக்கினான். சில காலைகளில் நங்கூரம் வந்து, “இன்னிக்குக் கனமா இருக்கு அண்ணி” என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவன் கற்றுக்கொண்டான், கேட்டதும் கையிலிருப்பதைக் கீழே வைக்க அவள் கற்றுக்கொண்டாள். அறைச் சாவி அவளிடமே இருந்தது. ஒரு நாள் அவனே வந்து கேட்டு, டாக்டரும் சரி என்று சொல்ல, வாங்கிக்கொண்டான்.

அடுத்த வருஷப் போட்டிக்கு முந்தின நாள், கடைசிப் பயிற்சி. முற்றத்தில் கயிறு நீண்டு கிடந்தது. ஒத்திகையாகப் பொருள் மாற்றிக்கொள்ளும் படலம் தொடங்கியதும் ஏழு பேரும் குனிந்து அவரவர் காலணியைப் பார்த்தார்கள். யாருக்கும் நங்கூரத்தின் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவன் தன் தோல் கையுறைகளைக் கழற்றி ரேடியோவிடம் கொடுத்தான். ரேடியோ அவற்றை வாங்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

நங்கூரம் கையை நீட்டியபடியே நின்றான். “உன்னுது எங்கடா?”

ரேடியோ அவசர அவசரமாகத் தன் நைந்த துணிக் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தான். நங்கூரம் அவற்றை மாட்டிக்கொண்டு, கடைசி இடத்துக்குப் போய், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். ஏழு பேரும் முன்னால் பார்த்துக் குதிகாலை ஊன்றினார்கள். அண்ணி விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“டேய் ரேடியோ” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “முடிஞ்சதும் என் கையுறைய ஒழுங்கா திருப்பிக் குடுத்துடணும். எண்ணெ போட்டுத் தொடச்சுக் குடுக்கணும். நாளைக்கு எனக்கு வேணும்.”

சட்டமாவது ஒன்றாவது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள். கயிறு தளர்ந்து தரையில் விழுந்தது.

“முன்னாடி பாருங்கடா, அண்ணி திட்டப் போறாங்க” என்றான் நங்கூரம்.

அண்ணி திட்டவில்லை. விசில் வாயிலேயே இருந்தது. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அவள் ஊதவில்லை.